விரத வீட்டில் வெந்த டோர்ட்டே

அண்ணை ஜெர்மனியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது ஐப்பசி மாதத் தொடக்கத்தில். லண்டன் எட்மண்டனில் எங்களுடையது சின்ன வீடு. மகள் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போன பிறகு அவளுடைய அறை சும்மா கிடந்தது. அதைத் துடைத்து, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, யன்னல் விளிம்பில் பிடித்திருந்த பூஞ்சணத்தைச் சுரண்டி வைத்திருந்தேன். ஜெர்மன் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் ஆறு மாதம்வரை நிற்கலாம், அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்று பார்ப்போம் என்று என் கணவர் சொன்னார்.

ஒரே ஒரு பெட்டிதான் கொண்டு வந்தார். உடுப்பை எடுத்து அடுக்கப் போனபோது, சேர்ட்டுகளுக்கு நடுவே துவாயால் சுற்றிய வட்டமான தகரம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. பக்கச் சுவரைக் கொளுவியால் கழற்றிப் பூட்டுகிற பழைய கேக் தகரம். அடிப்பக்கம் கறுத்திருந்தது. அண்ணை பெட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, தானே அடுக்குவதாகச் சொன்னார்.

வீட்டில் அவர்தான் மூத்தவர். அவருக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு தங்கச்சி. மீசை அரும்பிய வயதில் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தவர், அங்கே ஒரு சிறு பட்டணத்தில் இரும்புத் திருகாணி செய்கிற தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, பென்சன் எடுக்கும்வரை அதிலேயே இருந்தார். எங்கள் இருவருடைய கலியாணமும் அவருடைய உழைப்பில்தான் நடந்தது. அவர் மட்டும் கலியாணம் கட்டவில்லை. அம்மா இருந்த காலத்தில் பெண்களின் படங்கள் அனுப்பியபடி இருந்தார். அண்ணை ஒவ்வொன்றுக்கும் ‘பிறகு பார்ப்பம்’ என்று பதில் சொல்லுவார். அம்மா போன பிறகு கேட்க ஆளில்லை.

எங்களுக்காகத் தன் வாழ்க்கையையே விட்டவர் என்றுதான் நானும் தங்கச்சியும் அவரைப் பற்றிச் சொல்லுவோம். கோயிலில், கலியாண வீடுகளில், யாராவது அண்ணை எப்படி என்று கேட்டால் இந்தக் கதைதான். கேட்கிறவர்களும் தலையை ஆட்டி, இந்தக் காலத்தில் அப்படி ஒரு சகோதரமா என்பார்கள். அதைக் கேட்க எங்களுக்குப் பிடிக்கும்.

வந்தவர் நன்றாக மெலிந்திருந்தார். முன்னறையில் யன்னலோரக் கதிரையில் இருந்து, வாசலில் நிற்கிற கவுன்சில் குப்பைத் தொட்டிகளையும் மழையையும் பார்த்துக்கொண்டிருப்பார். போட்டதைச் சாப்பிடுவார். கோப்பையைத் தானே கழுவி வைப்பார். ஈஸ்ட் ஹாம் பக்கம் கூட்டிப்போய்க் கடைகளைக் காட்டுகிறேன் என்று கணவர் கூப்பிட்டபோது, ‘இன்னொரு நாளைக்கு’ என்றார். நாற்பது வருடம் வேலை செய்த ஆளுக்கு வேலை இல்லாமல் போனால் அப்படித்தான் இருக்கும் என்று கணவர் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கந்தசஷ்டி தொடங்கியது. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நான் அந்த விரதத்தை விட்டதில்லை. நான் வேலை செய்கிற பள்ளிக்கூடக் குசினியில் அந்த ஒரு கிழமைக்கு லீவு கேட்டுவிடுவேன். அதற்கு முதல் நாள் வீட்டுக் குசினி முழுவதையும் கழுவி, ஃபிரிட்ஜில் இருக்கிற மீன், முட்டை எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். ஒருநேரம் மட்டும் சாப்பாடு. இதெல்லாம் அண்ணைக்குத் தெரியும். அம்மாவும் அப்படித்தான் பிடித்தவர்.

விரதத்தின் நடுவில் ஒரு காலை, அண்ணை வெளியே போய் நனைந்துகொண்டு வந்தார். வந்த நாள்முதல் அவர் தனியாக வெளியே போனது அன்றுதான். கொண்டுவந்த பையைக் குசினி மேசையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். சமையலுக்கு மட்டும் வாங்குகிற, பச்சையாய்க் கோணலாய் இருக்கும் புளிப்பு அப்பிள்கள். கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிதான ஹேசல்நட் பருப்பு. தேத்தண்ணியில் தோய்த்துத் தின்கிற ரஸ்க் ஒரு பக்கெற். ஒரு தேசிக்காய். கடைசியில் ஒரு பெட்டி முட்டை.

“பிள்ளை, உன்ர குசினியை ஒருக்காத் தருவியே?” என்றார்.

எனக்கு முட்டைப் பெட்டிதான் கண்ணில் பட்டது. சஷ்டியெல்லே அண்ணை, சூரன்போர் முடியட்டும், பிறகு எத்தனை கேக் வேண்டுமானாலும் அடியுங்கோ என்று சொன்னேன். அவர் ஓம் என்றார். முட்டைப் பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அப்பிள்களையும் வைத்தார். பிறகு பையின் காதைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“பிறகு ஏலாது பிள்ளை. இண்டைக்குத்தான்.”

அன்று அவருடைய பிறந்தநாள் இல்லை. எங்கள் வீட்டில் யாருடையதும் இல்லை. ஆனால் அவர் வாழ்க்கையில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்கிற குரல் எப்படி இருக்கும் என்றே அன்றுதான் தெரிந்தது. நான் விரதத்துக்கு வைத்திருந்த பானை, அகப்பை, அரிசி எல்லாவற்றையும் முன்னறைக்குக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தேன். முருகா, பொறுத்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, செய்யுங்கோ அண்ணை என்றேன். உள்ளே போகவும் மனமில்லை, விட்டுவிட்டு வரவும் மனமில்லை. குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்தேன்.

பருப்பைத் தட்டில் பரப்பி அவண் அடுப்பில் வறுத்தார். தோல் வெடித்து வாசம் வந்ததும் துவாயில் கொட்டி, முடிச்சாகப் பிடித்து உருட்டித் தேய்த்தார். மண்ணிறத் தோல் கழன்று பருப்பு வெள்ளையாய் வந்தது. அரைக்க என் கிரைண்டரைக் காட்டினேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்து, இதில் சரக்குத்தூள் மணக்கும் என்று மூடிவிட்டார். பருப்பைப் பையில் போட்டு றொட்டி உருட்டுகிற கட்டையால் குத்தினார். நெடுநேரம் குத்தினார். ரஸ்க்கையும் அப்படியே பொடியாக்கினார். மாவு எங்கே என்று கேட்டதற்கு, இதற்கு மாவு இல்லை என்றார்.

“கேக் எண்டு சொல்லாதை. இது டோர்ட்டே. பருப்பும் அப்பிளும் முட்டையும்தான்.”

அப்பிளைத் தோல் சீவி, கரட் துருவுகிற பக்கத்தில் வைத்துத் துருவித் தேசிக்காய்ப் புளி விட்டார். துருவல் ஊறி நீர் விட்டுக்கொண்டு இருந்தது. ‘பிழியக் கூடாது, பிழியக் கூடாது’ என்று தனக்குத்தானே சொன்னார். மஞ்சட் கருவைச் சீனியோடு வெளிறும்வரை அடித்தார். கறுவாத்தூள் போட்டார், கராம்புத்தூள் நுனிவிரலால் கொஞ்சம். பிறகு வெள்ளைக் கருவைக் கையால் அடிக்கத் தொடங்கினார். அறுபது கடந்த மனிதர். தோள் வலித்ததும் கையை மாற்றினார். மற்ற நாளென்றால் நான் வாங்கி அடித்திருப்பேன். முட்டையைத் தொட ஏலாமல் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

சும்மா இருக்க முடியாமல், இதை யார் பழக்கினது என்று கேட்டேன்.

“மனிசிதான்” என்றார்.

எங்கள் பேச்சில் அந்தச் சொல் ஒரு பொம்பிளையையும் குறிக்கும், கட்டின பெஞ்சாதியையும் குறிக்கும். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி யாரோ என்று நினைத்து, எந்த மனிசி என்று கேட்டேன்.

அவர் கிண்ணத்தைச் சரித்து வெள்ளைக் கரு வழியாமல் நிற்கிறதா என்று பார்த்தார். நிமிராமலே சொன்னார்.

“என்ர மனிசி. அவ செத்து ஒரு வருசம், இண்டைக்கு ஆண்டுத்துவசம்.”

அதற்குப் பிறகு அவர் கை நிற்கவில்லை. பருப்புப் பொடியையும் அப்பிளையும் போட்டு, வெள்ளைக் கருவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நுரை உடையாமல் அடியிலிருந்து மேலே புரட்டினார். தகரத்துக்கு வெண்ணெய் பூசி ரஸ்க் பொடி தூவி ஊற்றினார். அவணுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். அண்ணை எதிரில் வந்து இருந்தார். இருந்துகொண்டு சொன்னார்.

அவர் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் வாடகைக்குப் போன வீட்டின் கீழ்த்தட்டில் இருந்தவவாம். புருசனை இழந்தவ, இரண்டு பிள்ளைகள். தொழிற்சாலைச் சாப்பாட்டுச் சாலையில் வேலை. முதலில் குளிர் காலத்தில் வாசலில் பனி வழிப்பதற்கு இவர் உதவினார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பி குடிக்கக் கூப்பிட்டா. பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு இவர் மேல் அறையை விட்டுவிட்டுக் கீழே வந்துவிட்டார். கலியாணம் எழுதவில்லை. எழுதினால் முதல் புருசனின் பென்சன் அவவுக்கு நின்றுபோகும். எங்களுக்குச் சொல்லவும் இல்லை. அப்போது தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். தமையன் வெள்ளைக்காரியோடு இருக்கிறான் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீடு என்ன சொல்லுமோ என்று பயந்தாராம். பிறகு அம்மா வருத்தமாய்ப் படுத்துவிட்டார். பிறகு அம்மா இல்லை. அதற்குப் பிறகு சொல்லியிருக்கலாம், ஆனால் இத்தனை வருடம் சொல்லாத ஒன்றை எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை என்றார்.

குளிர் தொடங்குகிற நாட்களில் அவ இந்த டோர்ட்டேயைச் செய்வாவாம். அவவின் தாயும் அப்படித்தான் செய்தவவாம். கடைசியில் வயிற்றில் புற்றுநோய் வந்து, எதுவும் உள்ளே போகாமல் போனபோது, இதைச் செய்தால் தின்பாவோ என்று அண்ணை கேட்டார். கட்டிலில் படுத்தபடி அவ சொல்லச் சொல்ல இவர் குசினிக்கும் அறைக்குமாக ஓடித் திரிந்து செய்தார். முதல் தடவை அப்பிளைப் பிழிந்துவிட்டார். அது கல்லுப்போல வந்தது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. அவ ஒரு கரண்டி தின்றா. நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாவாம்.

பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை என்றார் அண்ணை. செத்தவீட்டில் இவருக்கும் ஒரு கதிரை போட்டார்களாம். ஆனால் வீடு அவவின் பெயரில் எடுத்த வாடகை வீடு. அதைக் காலி பண்ணும்போது, விருப்பமானதை எடுங்கள் என்று சொன்னார்கள். இவர் இந்தத் தகரத்தை எடுத்தார். அவவின் விருப்பப்படி சாம்பலை, பெயரோ கல்லோ இல்லாத ஒரு புல்வெளிக்குக் கீழே அடக்கம் செய்தார்கள். பிள்ளைகளுக்குக் கல்லறை பராமரிக்கிற கரைச்சல் வேண்டாம் என்று அவ முன்பே எழுதிக் கொடுத்திருந்தாவாம். எந்த இடத்தில் தோண்டினார்கள் என்று யாரும் சொல்லுவதில்லை. அதுதான் அங்கே முறை.

“பூ வைக்கவும் இடமில்லை பிள்ளை” என்றார்.

டோர்ட்டே வெந்து, வீடெல்லாம் கறுவாவும் வறுத்த பருப்பும் மணத்தது. வெளியே எடுத்ததும் நடுப்பகுதி மெல்ல இறங்கியது. அப்படி இறங்கத்தான் வேண்டும் என்றார். தூள் சீனியை வடியில் போட்டுத் தூவினார். அடுத்த நாள்தான் ருசி கூடுமாம், ஆனால் அன்றைக்கே வெட்டினார். ஒரு துண்டைத் தட்டில் வைத்து, முள்ளுக்கரண்டியும் வைத்து, மேசையில் ஆளில்லாத பக்கத்தில் வைத்தார். தனக்கு ஒரு துண்டு எடுத்தார். நீ விரதம், நீ தின்னாதை என்றார்.

துவச நாளில் எங்கள் வீடுகளில் முட்டை என்ற பேச்சே இல்லை. சஷ்டி வேறு. ஆனால் உலகத்தில் அந்த மனிசிக்கு அன்றைக்கு என்று வேறு எங்கேயும் எதுவும் நடக்கவில்லை. நான் எழுந்து ஒரு கிளாசில் தண்ணீர் வார்த்து, படையலுக்கு வைப்பதுபோல அந்தத் தட்டின் பக்கத்தில் வைத்தேன். அண்ணை தின்பதை நிறுத்தி அந்தக் கிளாசைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்னேரம் கணவர் வேலையால் வந்து, தனக்குச் சீனி வருத்தம் என்பதையும் மறந்து ஒரு துண்டு தின்றார். நன்றாக இருக்கிறது என்றார். அண்ணை மேலே போன பிறகு நான் விசயத்தைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பாவம் மனுசன் என்றார். பிறகு, இதை இனி வெளியே சொல்ல வேண்டாம், சனம் ஒன்றுக்கு ஒன்பதாகக் கதைக்கும் என்றார். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. ஆனால் அந்த மனிசி உயிரோடு இருந்தபோது அண்ணை மறைத்ததும் இதே காரணத்தால்தானே என்று எனக்கு ஓடியது.

தங்கச்சியிடம் சொல்லாமல் இருக்க ஏலாது, தொலைபேசியில் சொன்னேன். சூரன்போர் முடிந்த ஞாயிறு அவள் விம்பிள்டனிலிருந்து வந்தாள். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த முகம். அண்ணை அவளுக்காக மீதியிருந்த டோர்ட்டேயில் ஒரு துண்டு வெட்டி வைத்திருந்தார். அவள் அதைத் தொடவில்லை. தன் கலியாணத்துக்காக என்று சொன்னதுதான் அவளைச் சுட்டது. தன்னுடைய பெயரை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள் என்றாள். இத்தனை வருடமாக ஊரெல்லாம் உங்களைத் தியாகி என்று சொல்லித் திரிந்தோமே, எங்களை மடையர் ஆக்கிவிட்டீர்களே என்றாள். அண்ணை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை. நாங்கள் என்ன, உங்களைக் கொன்றோ போடுவம்?”

“சொல்லியிருந்தா வந்திருப்பியளோ? அவ படுக்கையில கிடக்கேக்க, ஒரு நாளெண்டாலும் வந்து பாத்திருப்பியளோ?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையில் தெரிந்துகொள்ள விரும்பியது போலத்தான் கேட்டார். வந்திருப்போம் என்ற சொல் என் வாய்வரை வந்தது, ஆனால் அது எனக்கே நம்பும்படி இல்லை. தங்கச்சி கோப்பியை அப்படியே விட்டுவிட்டு, பஸ் தவறிவிடும் என்று எழும்பிப் போனாள். மீதி டோர்ட்டே ஃபிரிட்ஜில் காய்ந்து, கடைசியில் நான்தான் தோட்டத்தில் குருவிகளுக்குப் போட்டேன்.

சொல்லிவிட்டதால் அண்ணைக்கு மனம் இலேசாகும் என்று நான் நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. மார்கழி முழுக்க மழை. நாலு மணிக்கே இருண்டுவிடும். அவர் அந்த யன்னலோரக் கதிரையில்தான் இருந்தார். முன்பென்றால் அவரை ஒரு துறவியைப் பார்ப்பதுபோல் பார்ப்போம். அதில் ஒரு மரியாதை இருந்தது. இப்போது கணவர்கூட அவரோடு காலநிலை தவிர எதுவும் கதைக்கவில்லை. கோயிலில் யாரோ அண்ணை நிற்கிறாராமே, கூட்டி வாருங்களேன் என்றபோது, அவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். பழைய கதையைச் சொல்லவும் ஏலவில்லை, புதியதைச் சொல்லவும் ஏலவில்லை. தங்கச்சி தைப்பொங்கலுக்குத் தொலைபேசி எடுத்து, என்னோடு மட்டும் கதைத்துவிட்டு வைத்தாள்.

எனக்கும் கோபம் இருந்தது. அது அவர்மேல்தானா என்று தெரியவில்லை. எனக்கு ஒரு மச்சாள் இருந்திருக்கிறா. அண்ணையின் சேர்ட்டுக்கு அறுந்த தெறி தைத்திருப்பா. காய்ச்சலுக்குச் சூப் வைத்திருப்பா. நான் அவவைப் பார்த்ததில்லை. அவ செத்த கிழமையில் நான் இங்கே யாரோ ஒருவரின் மகளுடைய சாமத்தியச் சடங்கு வீட்டுக்குப் பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு போயிருக்கலாம். செத்தவீட்டுத் துடக்குக் காக்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஆறு மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. மாசியில் ஒரு நாள், தான் போகப்போவதாகச் சொன்னார். அதே பட்டணத்தில் கூட வேலை செய்த ஒருவர் மூலம் ஒற்றை அறை ஒன்று கிடைத்திருக்கிறதாம். விசா விசயத்தைப் பார்த்து இங்கேயே நிற்கலாமே, அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று மன்றாடிக் கேட்டேன்.

“அந்தப் புல்லுக்குப் பக்கத்தில குந்தியிருக்க ஒரு வாங்கு இருக்கு பிள்ளை. எந்த இடமெண்டு தெரியாட்டிலும் அதில போய் இருக்கலாம்” என்றார்.

விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். தங்கச்சி வருவதாகச் சொல்லியிருந்தாள், வரவில்லை. உள்ளே போகிற வரிசையில் நிற்கும்போதுதான், இவ்வளவு நாளும் நான் அவவின் பெயரைக் கேட்கவில்லை என்பது தோன்றியது. கேட்டேன். சொன்னார். நான் திருப்பிச் சொன்னது சரியாக வரவில்லை. மெதுவாக இன்னொருமுறை சொல்லித் தந்தார். அப்போது அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்ததுபோல இருந்தது. அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், மோட்ச அருச்சனைக்குச் சொன்னேன். ஐயர் பெயர் கேட்டார். சொன்னேன். அவர் குனிந்து காதைக் கொடுத்தார், இன்னொருமுறை சொன்னேன். நட்சத்திரம் கேட்டார், தெரியாது என்றேன். என்ன உறவு என்று கேட்டார். மச்சாள் என்றேன். பின்னால் நின்ற, எங்களைத் தெரிந்த ஒரு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. ஐயர் மந்திரத்துக்கு நடுவில் அந்தப் பெயரைச் சொன்னார். பாதிதான் சரியாக வந்தது, மீதி மணிச் சத்தத்தில் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணையோடு தொலைபேசியில் கதைக்கும்போது இதைச் சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்து ஹலோ என்றேன். இருக்கிறன் என்றார். பிறகு, லண்டனில் குளிர் குறைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை அண்ணை, இன்னும் குளிர்தான் என்றேன்.